கல்மழையும் காப்பீடும்

நுழையும்முன்

மழை உயிர்களை வளர்க்கிறது. அதே மழை பனிக்கட்டியாக இறுகி விழும்போது பயிரைச் சிதைக்கிறது, கூரையைத் துளைக்கிறது. ஒரு தெருவின் வீடுகள் ஓடுடைந்து நிற்க, அடுத்த தெருவில் ஓர் இலையும் உதிராமல் இருப்பதுண்டு. சிலர்மேல் மட்டும் விழும் இழப்பைப் பலர் எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்னும் வினாவுக்கு மனிதர் கண்ட விடைகளுள் ஒன்று காப்பீடு. அவ்விடையின் வலிமையையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சிட்னியின் ஓர் இரவு

1999ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் பிற்பகல், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டி ஓர் இடிமேகம் உருவாயிற்று. ஏப்ரல் மாதம் அந்நாட்டில் இலையுதிர்காலம். பெருங்கல்மழை பெய்யும் பருவம் கடந்துவிட்டது. மேகம் கடலை நோக்கி விலகிச் சென்றுவிடும் என்றே கருதப்பட்டது. ஆனால், அது திசை மாறி நகரின் கிழக்குப் பகுதிகளை வந்தடைந்தது. மக்களுக்கு உரிய முன்னெச்சரிக்கை கிடைக்கவில்லை.

மாலை 7 மணிக்குமேல் வானிலிருந்து பனிக்கட்டிகள் விழத் தொடங்கின. அளந்தறியப்பட்டவற்றுள் பெரியவை 9 செ.மீ. விட்டம் உடையவை. அன்று விழுந்த பனிக்கட்டியின் மொத்த எடை சுமார் 5,00,000 டன் எனக் கணக்கிடப்பட்டது. ஏறத்தாழ 20,000 கட்டடங்களும் 40,000 ஊர்திகளும் சேதமுற்றன. விமான நிலையத்தில் நின்றிருந்த 25க்கும் மேற்பட்ட வானூர்திகளும் தப்பவில்லை.

காலத்தால் நொய்ந்த சுடுமண் ஓடுகளும் பலகைக்கல் ஓடுகளும் முதலில் உடைந்தன. உடைந்த கூரை வழியே மழைநீர் இறங்கியது. மேற்கூரைக்கு அடியிலிருந்த உட்கூரை நனைந்து சரிந்தது. மின்கம்பிகள், துணிமணிகள், நூல்கள், மரப்பொருள்கள் எல்லாம் நனைந்தன. மீட்புப் பணியாளருடன் தீயணைப்புப் படையினரும் இராணுவத்தினரும் சேர்ந்து வீடுவீடாகத் தார்ப்பாய் விரித்துக் கட்டினர். அடுத்து வந்த நாள்களிலும் மழை பெய்ததால், பாய் நெகிழ்ந்த வீடுகள் மீண்டும் நனைந்தன.

அந்நிகழ்வுக்காகக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்ற இழப்பு 170 கோடி ஆஸ்திரேலிய டாலர். அதுவரை அந்நாட்டுக் காப்பீட்டுத்துறை கண்ட இயற்கைப் பேரிடர் இழப்புகளுள் அதுவே மிகப் பெரியது. புயலோ வெள்ளமோ நிலநடுக்கமோ அன்றி, ஒரு மாலைப்பொழுதில் பெய்த கல்மழை அந்த இடத்தைப் பெற்றது என்பது எண்ணத்தக்கது.

ஆலி பிறக்கும் விதம்

ஆலங்கட்டியைப் பழந்தமிழ் நூல்கள் ‘ஆலி’ எனக் குறிப்பிடுகின்றன. கல்போல் விழுவதால் ‘கல்மழை’ என்னும் பெயரும் வழக்கில் உண்டு. 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுடைய பனிக்கட்டியையே வானிலை அறிவியல் ஆலங்கட்டி என வரையறுக்கிறது.

நிலம் சூடேறும்போது ஈரக்காற்று இலேசாகி மேலெழுகிறது. இடிமேகத்தினுள் இவ்வெழுச்சி மிக விரைவானது. உயரே செல்லச் செல்ல வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்குகிறது. ஆயினும், அங்குள்ள நீர்த்துளிகள் அனைத்தும் உடனே உறைந்துவிடுவதில்லை. உறைநிலைக்குக் கீழும் நீர்வடிவிலேயே இருக்கும் அத்துளிகள் ‘மீக்குளிர் நீர்த்துளிகள்’ எனப்படும். ஒரு சிறு பனித்துகளின்மீது அவை மோதினால் அந்நொடியே ஒட்டி உறைகின்றன. இவ்வாறு பனித்துகள் பருத்து ஆலங்கட்டியாகிறது.

ஆலங்கட்டியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெண்மையான அடுக்கும் தெளிந்த அடுக்கும் மாறிமாறி இருப்பதைக் காணலாம். துளிகள் விரைந்து உறையும்போது காற்றுக்குமிழ்கள் உள்ளே சிக்கிக்கொள்வதால் அவ்வடுக்கு பால்போல் வெளுத்திருக்கும். மெல்ல உறையும்போது குமிழ்கள் வெளியேறிவிடுவதால் அடுக்கு கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். மேலெழும் காற்றால் தாங்கமுடியாத அளவுக்கு எடை கூடியதும் ஆலங்கட்டி கீழே விழுகிறது. ஆகவே, காற்றின் எழுச்சி வலிமையாக இருக்கும் மேகமே பெரிய ஆலங்கட்டியை உருவாக்க வல்லது. 10 செ.மீ.க்கு மேற்பட்ட ஆலங்கட்டி மணிக்கு 160 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் விழக்கூடும்.

மேகம் நகர்ந்துகொண்டே பொழிவதால், கல்மழை நிலத்தில் ஒரு நீண்ட பட்டைபோலப் பதிகிறது. பட்டையின் உள்ளே இருக்கும் வீடு உடையும். சற்றே வெளியே இருக்கும் வீடு பிழைக்கும். வீட்டுக்காரரின் உழைப்புக்கோ சிக்கனத்துக்கோ இதில் இடமில்லை.

தெரிந்து தெளிவோம்

உலக வானிலை அமைப்பின் பதிவுகளின்படி, மிகுதியான உயிர்களைப் பறித்த கல்மழை 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் இந்தியாவின் மொராதாபாத் அருகே பெய்ததாகும். அதில் 246 பேர் உயிரிழந்தனர். பதிவான ஆலங்கட்டிகளுள் மிகுந்த எடையுடையது வங்காளதேசத்தின் கோபால்கஞ்சில் 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் விழுந்தது. அதன் எடை 1.02 கிலோகிராம்.

கல்மழைக்குரிய நிலப்பகுதிகள்

கல்மழை எல்லா இடங்களிலும் ஒரே அளவில் பெய்வதில்லை. வெப்பமண்டலக் கடலோரங்களில் உறைநிலை மிக உயரத்தில் இருப்பதால், விழும் ஆலங்கட்டி நெடுந்தொலைவு வெப்பக் காற்றினூடே வந்து பெரும்பாலும் உருகிவிடுகிறது. மலைகளின் அடிவாரத்தில் அமைந்த மேட்டுநிலச் சமவெளிகளிலோ உறைநிலைக்கும் நிலத்துக்கும் இடைவெளி குறைவு. உருகுவதற்குப் போதிய நேரமின்றி ஆலங்கட்டி தரையை அடைகிறது.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா, கொலராடோ, வயோமிங் ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் பகுதி இதற்குச் சான்று. ஆண்டுக்குச் சராசரியாக 7 முதல் 9 நாள்கள் அங்குக் கல்மழை பெய்கிறது. கொலராடோவின் டென்வர் நகர்ப்பகுதியில் 2017ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் பெய்த கல்மழையால் ஏற்பட்ட காப்பீட்டு இழப்பு 230 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. அங்கிருந்த ஒரு பெரிய வணிக வளாகம் கூரை சிதைந்து பல மாதங்கள் மூடிக்கிடந்தது. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலமும் ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையைச் சூழ்ந்த நாடுகளும் அடிக்கடி கல்மழைக்கு உள்ளாகின்றன.

இந்தியாவில் கோடைக்கு முன்னும் கோடையிலும் வட, நடு மாநிலங்களில் பெய்யும் கல்மழை பெரும்பாலும் வேளாண்மையைத் தாக்குகிறது. 2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் கல்மழையால் நேரும் பயிரிழப்புக்கும் இடம் உண்டு. பாதிக்கப்பட்ட உழவர் 72 மணி நேரத்துக்குள் அதனைத் தெரிவிக்க வேண்டும். பயிருக்கு உரிய இந்தப் பாதுகாப்பே வீட்டுக்கு வரும்போது எவ்வாறு இயங்குகிறது என்பதை, கல்மழையால் வீடுகள் மிகுதியாக உடையும் நாடுகளின் பட்டறிவிலிருந்து அறியலாம்.

பலர் தாங்கும் சுமை

காப்பீட்டின் அடிப்படை எளிய கணக்கு. ஓர் ஊரில் 1,000 வீடுகள் உள்ளன எனக் கொள்வோம். ஆண்டுக்குச் சராசரியாக 5 வீடுகளின் கூரை ஏதோ ஒரு காரணத்தால் அழிகிறது. ஒரு கூரையைப் புதிதாக அமைக்க 2,00,000 ரூபாய் ஆகும். மொத்த இழப்பு 10,00,000 ரூபாய். எந்த 5 வீடுகள் என்பதை யாரும் முன்னறிய இயலாது. ஆனால், வீட்டுக்கு 1,000 ரூபாய் வீதம் அனைவரும் பொதுவில் செலுத்தினால் அந்த 5 வீடுகளுக்கும் கூரை கிடைத்துவிடும். இப்பங்குத் தொகையே காப்பீட்டுக் கட்டணம் அல்லது பிரீமியம். இரு தரப்பாரும் ஏற்கும் ஒப்பந்த ஆவணமே பாலிசி.

தீவிபத்து பெரும்பாலும் ஒரு வீட்டில் நேர்வது. அதற்கு இக்கணக்கு நன்கு பொருந்துகிறது. கல்மழையோ ஓரிரவில் அதே ஊரின் 400 கூரைகளை உடைக்கக்கூடும். அப்போது தேவைப்படும் தொகை 8 கோடி ரூபாய். ஊரார் 80 ஆண்டுகள் செலுத்தினால்தான் அத்தொகை சேரும். ஓர் ஊருக்குள் மட்டும் பகிர்ந்தால் பொதுநிதி ஒரே இரவில் வற்றிவிடும்.

இதனால், காப்பீட்டு நிறுவனங்கள் தாம் ஏற்ற சுமையின் ஒரு பகுதியை வேறு நிறுவனங்களிடம் கட்டணம் செலுத்திப் பகிர்ந்தளிக்கின்றன. இது ‘மறுகாப்பீடு’ எனப்படும். சிட்னியில் உடையும் ஓட்டின் இழப்பில் ஒரு பங்கை ஐரோப்பாவில் உள்ள நிறுவனம் ஏற்கலாம். ஐரோப்பாவின் இழப்பில் ஒரு பங்கைப் பிற நாட்டினர் ஏற்கலாம். ஒரே நாளில் உலகின் எல்லா ஊர்களிலும் கல்மழை பெய்வதில்லை என்னும் உண்மையே இந்த ஏற்பாட்டைத் தாங்கி நிற்கிறது. மறுகாப்பீட்டுத் தொழிலின் தலைமையிடங்களுள் ஒன்றான ஜெர்மனியின் மியூனிக் நகரே 1984ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் பெருங்கல்மழைக்கு உள்ளாயிற்று. பல்லாயிரம் வீடுகளும் ஊர்திகளும் அன்று சேதமடைந்தன. பிறர் சுமையைப் பகிர்ந்த நகருக்கும் பிறர் தோள் தேவைப்பட்டது.

ஒப்பந்தத்தின் சொற்கள்

காப்பீடு பெற்றிருத்தல் வேறு. இழப்பு முழுவதும் ஈடு செய்யப்படுதல் வேறு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை ஒப்பந்தத்தின் சொற்களே முடிவு செய்கின்றன. அவற்றுள் மூன்று சொற்கள் இன்றியமையாதவை.

முதலாவது, தானேற்கும் தொகை. இழப்பில் வீட்டுக்காரர் தாமே ஏற்க வேண்டிய பங்கு இது. சிறுசிறு சேதங்களுக்கெல்லாம் நிறுவனத்தை நாடாதிருக்கவும், வீட்டைக் கருத்துடன் பேணவும் இவ்விதி வகுக்கப்பட்டது. முன்னர் இது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட தொகையாக இருந்தது. அமெரிக்காவில் கல்மழை மிகுந்த மாநிலங்களில், வீட்டின் காப்பீட்டு மதிப்பில் 1 அல்லது 2 விழுக்காடு என்று கணக்கிடும் முறை பரவியுள்ளது. இழப்பின் மதிப்பில் அன்றி, வீட்டின் மதிப்பில் கணக்கிடப்படும் விழுக்காடு என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஈட்டின் அளவுகோல். பழைய கூரைக்கு ஈடாகப் புதிய கூரை அமைக்கும் செலவைத் தருவது ‘புதுப்பித்தல் மதிப்பு’ முறை. கூரையின் வயதுக்கேற்பத் தேய்மானத்தைக் கழித்து எஞ்சியதைத் தருவது ‘நடப்பு மதிப்பு’ முறை. பழைய கூரைகளுக்கு இரண்டாம் முறையை மட்டுமே வழங்கும் ஒப்பந்தங்கள் உண்டு.

மூன்றாவது, விலக்கு. எவ்வெச்சேதங்களுக்கு ஈடு இல்லை என்பதைக் கூறும் பகுதி இது. உலோகக் கூரையில் விழுந்த பள்ளங்கள் தோற்றத்தைக் கெடுத்தாலும் நீரை உள்ளே விடவில்லையெனில், அது ‘தோற்றச் சேதம்’ மட்டுமே எனக் கூறி விலக்கும் ஒப்பந்தங்கள் உள்ளன.

இச்சொற்கள் ஒன்றுகூடும்போது விளைவது யாது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். வீட்டின் காப்பீட்டு மதிப்பு 50,00,000 ரூபாய். கூரையைப் புதிதாக அமைக்க 2,00,000 ரூபாய் ஆகும். கூரையின் ஆயுள் 20 ஆண்டு. அதில் 10 ஆண்டு கழிந்துவிட்டது. நடப்பு மதிப்பு முறைப்படி தேய்மானம் போக 1,00,000 ரூபாய் எஞ்சுகிறது. தானேற்கும் தொகை வீட்டு மதிப்பில் 2 விழுக்காடு, அதாவது 1,00,000 ரூபாய். இதனையும் கழித்தால் வீட்டுக்காரர் கைக்கு வருவது ஒன்றுமில்லை. அவர் ஆண்டுதோறும் தவறாமல் கட்டணம் செலுத்தியவர். எவரும் அவரை ஏமாற்றவும் இல்லை. எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தன. உடைந்த கூரையின் கீழ் நிற்கும்போது ஒப்பந்தத்தை முதன்முறையாகப் படிப்பவருக்கு அவ்வெழுத்துகள் உதவுவதில்லை.

கல்மழை ஓய்ந்ததும் ஒருவர் செய்யத்தக்க பணிகள் சில உள்ளன. சேதத்தை ஒளிப்படமாகப் பதிவு செய்தல், மேலும் நீர் இறங்காதவாறு கூரையைத் தற்காலிகமாக மூடுதல், அதற்கான செலவுச் சீட்டுகளைப் பாதுகாத்தல், காலந்தாழ்த்தாது நிறுவனத்துக்குத் தெரிவித்தல், மதிப்பீட்டாளர் பார்வையிடுமுன் உடைந்த பொருள்களை அப்புறப்படுத்தாதிருத்தல் ஆகியன அவை. இத்தகைய நேரங்களில் வீடுவீடாக வந்து, “தானேற்கும் தொகையை நீங்கள் செலுத்த வேண்டா, நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” எனக் கூறி வேலை கேட்கும் கூரை ஒப்பந்ததாரரும் உண்டு. செலவை மிகுத்துக் காட்டி ஈடுகட்டும் தூண்டுதல் இதில் அடங்கியிருப்பதால், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2019ஆம் ஆண்டு இதற்குச் சட்டத்தடை விதித்தது. பொதுநிதியில் ஒருவர் கூடுதலாக எடுப்பது, அடுத்த ஆண்டு அனைவர் கட்டணத்திலும் ஏறிவிடும்.

ஒருவரும் விடுபடாத ஏற்பாடு

பகிர்வில் யார் சேர்வது என்பதும் ஒரு பெரும் வினா. ஆபத்து மிகுந்த இடத்தில் வாழ்பவர் மட்டும் சேர்ந்தால் கட்டணம் உயரும். கட்டணம் உயர்ந்தால் இயலாதவர் விலகுவர். அவர்கள் விலகினால் எஞ்சியோரின் சுமை மேலும் கூடும். இறுதியில், பாதுகாப்பு மிகவும் தேவைப்படுவோரே பாதுகாப்பின்றி நிற்பர்.

சுவிட்சர்லாந்து இதற்கு வேறொரு வழி கண்டுள்ளது. அந்நாட்டின் 26 மாநிலங்களுள் 19இல், பொதுச்சட்டத்தின்படி இயங்கும் மாநிலக் கட்டடக் காப்பீட்டு நிறுவனங்கள் உள்ளன. அங்கு ஏறத்தாழ எல்லாக் கட்டடங்களும் தீ, வெள்ளம், கல்மழை முதலியவற்றுக்கு எதிராகக் கட்டாயம் காப்பீடு செய்யப்படுகின்றன. ஆர்காவ் மாநிலத்தில் 1805ஆம் ஆண்டிலேயே இவ்வமைப்பு தோன்றிவிட்டது. மேட்டில் இருப்பவரும் பள்ளத்தில் இருப்பவரும் ஒரே நிதியில் சேர்வதால் தனியொருவரின் சுமை குறைகிறது.

இழப்பை ஈடுசெய்வதோடு இந்நிறுவனங்கள் நின்றுவிடவில்லை. இழப்பு நேராமல் காப்பதிலும் பங்கேற்கின்றன. கல்மழை வரப்போகிறது என்னும் அறிவிப்புக் கிடைத்ததும் சன்னல்களின் வெளிப்புற மடிப்புத்திரைகள் தாமாகவே சுருண்டு மேலேறும் ஏற்பாட்டை அவை ஊக்குவிக்கின்றன. மெல்லிய தகடுகளால் ஆன அத்திரைகளே கல்மழையில் எளிதில் நசுங்குபவை. கண்ணாடியோ பெரும்பாலும் அவற்றைவிடத் தாங்கவல்லது.

தடுத்தலும் தாங்குதலும்

கல்மழையையே நிறுத்திவிட இயலுமா என மனிதர் நெடுநாள் முயன்றுள்ளனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய உழவர்கள் மேகத்தை நோக்கிப் பீரங்கி ஒலி எழுப்பினர். அதனால் பயன் விளைந்ததாக அறிவியல் மெய்ப்பிக்கவில்லை. கனடாவின் கால்கரி நகரில் 1991ஆம் ஆண்டு பெருங்கல்மழை பெய்தது. அதன்பின் 1996 முதல், காப்பீட்டு நிறுவனங்களே நிதி திரட்டி, வானூர்தி வழியே மேகங்களில் வெள்ளி அயோடைடு தூவும் திட்டத்தை அங்கு நடத்தி வருகின்றன. நீர்த்துளிகள் பல சிறு பனித்துகள்களாகப் பங்கிடப்பட்டால், ஒரே துகள் பெரிதாக வளராது என்பது இதன் கருத்து. இதன் பயன் எவ்வளவு என்பதில் அறிஞரிடையே ஒருமித்த முடிவு இல்லை. கால்கரியில் 2020ஆம் ஆண்டு ஜூன் மாதமும் பெருங்கல்மழை பெய்து, 100 கோடி கனடா டாலருக்கும் மேற்பட்ட காப்பீட்டு இழப்பை உண்டாக்கியது.

மேகத்தை மாற்றுவதைவிடக் கூரையை வலுப்படுத்துவது கைகூடும் செயல். அமெரிக்காவில் கூரைப்பொருள்களின் தாங்குதிறனை அறிய ஒரு தேர்வு உண்டு. 2 அங்குல விட்டமுள்ள எஃகுக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இருமுறை விழச்செய்வர். விரிசல் காணாத பொருள் நான்காம் தரம் என்னும் உயர்நிலையைப் பெறும். அத்தகைய கூரை அமைத்தவர்க்குக் கட்டணச் சலுகை வழங்கும் நிறுவனங்கள் உள்ளன.

புவி வெப்பமடைதல் கல்மழையை எவ்வாறு மாற்றும் என்பது ஆய்வில் இருக்கும் பொருள். வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்று மேலெழுச்சிக்கு வலிமையூட்டும். அதே வேளையில் உறைநிலை உயர்வதால் சிறிய ஆலங்கட்டிகள் வழியிலேயே உருகும். எனவே, சில பகுதிகளில் கல்மழை நாள்கள் குறைந்து, பெய்யும்போது பெரிய ஆலங்கட்டிகள் விழக்கூடும் என அறிஞர் கருதுகின்றனர். ஒன்று மட்டும் உறுதி. முன்பு வயலாக இருந்த இடங்களில் இன்று வீடுகள் நெருங்கி நிற்கின்றன. மேகம் அதே மேகமாக இருந்தாலும் அதன் கீழே உடையக்கூடிய கூரைகள் பெருகிவிட்டன.

ஆலங்கட்டி எந்தக் கூரையில் விழும் என்பதை மனிதர் முடிவு செய்ய இயலாது. கூரையை வலிமையாக அமைப்பதும், ஒப்பந்தத்தைப் படித்தறிந்து கையொப்பமிடுவதும், பகிர்வில் எவரும் விடுபடாதவாறு சட்டம் வகுப்பதும் மனிதரின் கையில் உள்ளன. இம்மூன்றும் அமைந்த ஊரில் கல்மழை ஓர் இரவின் துன்பமாக முடியும். இவை அமையாத ஊரில் அது ஒரு குடும்பத்தின் பல்லாண்டுக் கடனாக நீளும்.

கற்பவை கற்றபின்…

1. வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ உள்ள ஏதேனும் ஒரு காப்பீட்டு ஒப்பந்த ஆவணத்தைப் பெற்று, அதில் கூறப்பட்டுள்ள விலக்குகளைப் பட்டியலிடுக.

2. ஒரு கூரையின் புதுப்பித்தல் செலவு 3,00,000 ரூபாய். ஆயுள் 30 ஆண்டு. கழிந்தது 10 ஆண்டு. தானேற்கும் தொகை 50,000 ரூபாய். இருவகை மதிப்பு முறைகளிலும் கிடைக்கும் ஈட்டுத் தொகையைக் கணக்கிட்டு ஒப்பிடுக.

3. ‘வீட்டுக் காப்பீடு கட்டாயமாக்கப்பட வேண்டுமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடல் நிகழ்த்துக.